ஊசித்துளை வழியே ஒன்றாய்ப் பார்ப்போம்

கண் மருத்துவப் பிரிவின் காத்திருப்புக் கூடத்திற்குக் காலை பத்து மணிக்கு வருபவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடப்பட்ட நோயாளிகள் கண்களை மூடியபடி வரிசையாக அமர்ந்திருப்பார்கள். மருந்து முழுமையாக வேலை செய்ய அரைமணி நேரமாவது ஆகும். அருகில், துணைக்கு வந்த மகனோ மகளோ மருமகளோ கைப்பேசியில் ஆழ்ந்திருப்பார். அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்தும் இருவரும் வெவ்வேறு இடங்களில் இருப்பார்கள். இதைக் குறைகூறும் நோக்கம் எங்களுக்கு இல்லை. ஒரு ஷிப்டை விட்டு, அன்றைய கூலியை இழந்து துணைக்கு வருபவர்களின் களைப்பை நாங்கள் அறிவோம். ஆனாலும், அந்த நேரத்தை இருவருக்கும் பொதுவானதாக மாற்ற வழியுண்டா என்ற கேள்வி எங்களுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அதற்கு விடை சொன்னவன் ஒரு பள்ளிச் சிறுவன். அறிவியல் பாடத்திற்காகச் செய்த ஊசித்துளைக் காமிரா ஒன்றை அவன் கையில் வைத்திருந்தான். அவனுடைய அம்மாவின் தந்தை, பனியன் கம்பெனியில் பல ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், சர்க்கரை நோய்க்கான விழித்திரைப் பரிசோதனைக்கு வந்திருந்தார். சொட்டு மருந்து இடும் முறை அவருக்கு இன்னும் வரவில்லை. சிறுவன் பெட்டியை முற்றத்தை நோக்கிப் பிடித்து, அதன் பின்பக்கத்தின்மேல் ஒரு கருப்புத் துணியைக் கூடாரம்போல் விரித்து, "அப்புச்சி, இதுக்குள்ள பாருங்க" என்றான். பெரியவர் கிட்டப்பார்வைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, வேப்பமரம் தலைகீழா நிக்குது பாரு கண்ணு!" என்றவர், பக்கத்து நாற்காலிக்காரரிடம், "ஏனுங்க, நீங்களும் ஒரு தரம் பாருங்க" என்று பெட்டியை நீட்டினார். சற்று நேரத்தில் அந்தப் பெட்டி வரிசை முழுவதும் கைமாறியது. கைப்பேசிகள் பைக்குள் சென்றன.

ஊசித்துளைப் படக்கலையின் கவர்ச்சி அந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. ஒருவர் கண்ணுக்குள் விழும் காட்சியை மற்றொருவர் காண இயலாது. இந்தப் பெட்டியோ அக்காட்சியை ஒரு தாளின்மேல் வெளியே எடுத்து வைக்கிறது. இருவர் ஒரே உருவத்தைப் பார்த்து, அதைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிகிறது. நோயுற்றவருக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் இது எவ்வளவு தேவையானது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இதன் இயக்கம் எளியது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி சிறு துளை வழியே நுழைந்து, தாளின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. அடிமரத்திலிருந்து வரும் ஒளி மேற்பகுதியில் விழுகிறது. ஆகவே உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றுகிறது. வில்லையும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். சீன அறிஞர் மோசியைப் பின்பற்றியவர்கள் கிறித்து பிறப்பதற்கு முன்பே இதைக் குறித்து வைத்தனர். 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம், கிரகணத்தின்போது துளை வழியே விழும் பிறை வடிவ உருவங்களை ஆராய்ந்து எழுதினார். அம்பியில் உள்ள விருபாட்சர் கோயிலுக்குச் சென்றவர்கள், கோயிலின் பின்புற அறையொன்றில் சிறு துளை வழியே ராஜகோபுரத்தின் உருவம் சுவரில் தலைகீழாக விழுவதைப் பார்த்திருப்பார்கள்.

அம்பி வரை செல்லாதவர்களும் இதைக் கண்டவர்களே. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, கூரையின் சிறு இடுக்கு வழியே தரையில் விழும் வட்டமான வெயில் காசு நினைவிருக்கும். இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், உயரத்திலிருந்து விழும்போது தரையில் வட்டமே விழும். அந்த வட்டம் சூரியனின் உருவம். துளைக்கும் தரைக்கும் இடையே ஒரு மீட்டர் இருந்தால் அதன் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் உயரக் கூரை என்றால் சுமார் 28 மில்லிமீட்டர். சிறுவயதில் நாம் கையால் மூடி மூடி விளையாடிய அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஊசித்துளைப் படமே.

2019 டிசம்பர் 26 அன்று நம் பகுதி மக்கள் அனைவருக்கும் இதைக் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. அன்றைய கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகச் சென்றது. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, ஒன்பதரை மணியளவில் சூரியன் வளையல் வடிவம் கொண்டது. வானம் தெளிந்திருந்த இடங்களில், இலைகளின் இடைவெளி வழியே விழுந்த வெயில் முதலில் பிறைகளாகவும் பின்னர் வளையங்களாகவும் மரத்தடியில் பரவியிருக்கும். கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது என்று கதவை அடைத்திருந்த வீடுகளிலும், கூரையில் ஓர் இடுக்கு இருந்திருந்தால் அதே வளையம் தரையில் விழுந்திருக்கும். வானைப் பாராமல் தரையைப் பார்ப்பதால் கண்ணுக்கு ஊறில்லை. கிரகணத்தைக் காண அட்டையில் துளையிட்டு நிழலைப் பார்க்குமாறு அறிவியல் இயக்கத்தினர் மக்களுக்குக் கற்றுத்தருவதன் காரணமும் இதுவே.

கைப்பேசியில் நொடிக்கு ஒரு படம் எடுக்க முடியும்போது இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியில் படம் எடுக்க ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் துளை ஏற்றது. கைப்பேசிக் காமிராவோடு ஒப்பிட்டால், இதில் தாளின்மேல் விழும் ஒளியின் செறிவு பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே ஒளிப்படத் தாளில் ஒரு படம் பதிய, நல்ல வெயிலில் ஒரு நிமிட அளவும் நிழலில் பல நிமிடங்களும் ஆகும். அந்த நேரத்தில் குறுக்கே நடந்து சென்றவர்கள் படத்தில் இருக்கமாட்டார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் இருப்பார்கள். ஒரு தாயும் மகளும் இப்படத்தில் பதிய வேண்டுமானால், ஒரு நிமிடம் முழுவதும் அருகருகே அசையாமல் இருக்க வேண்டும். அவசர நடையில் மருத்துவமனைக்கு வந்து அவசர நடையில் திரும்பும் குடும்பங்களுக்கு அந்த ஒரு நிமிடம் அரிது என்பதை நாங்கள் தினமும் காண்கிறோம்.

எண்ணிக்கை குறைவதாலும் ஒரு நன்மை உண்டு. கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கின்றன. ஊசித்துளைக் காமிராவில் ஒரு தாள், ஒரு படம். கிடைத்ததை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியாது. 2001 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை உலக ஊசித்துளை ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று எத்தனை படங்கள் எடுத்தாலும், பொதுவில் பகிர ஒருவருக்கு ஒரு படம் மட்டுமே அனுமதி. எதைத் தருவது என்று தேர்ந்தெடுப்பதே அன்பின் ஒரு வடிவம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி, கண் மருத்துவர்களாகிய நாங்கள் இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

நம் கண்ணே ஓர் இருட்டறை. கண்பாவை அதன் துளை. விழித்திரை அதன் தாள். விழித்திரையில் உருவம் தலைகீழாகவே விழுகிறது என்பதை 1604ஆம் ஆண்டில் ஜோகன்னஸ் கெப்ளர் விளக்கினார். கண்ணில் கூடுதலாக வில்லையும் இருப்பதால், பெரிய துளை வழியே வரும் ஒளியையும் ஒரு புள்ளியில் குவிக்க முடிகிறது. குவியம் தவறும்போது பார்வை மங்குகிறது. அப்போது கண்ணின் முன் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளையை வைத்தால், சிதறும் கதிர்கள் தடுக்கப்பட்டு எழுத்துகள் தெளிகின்றன. எங்கள் பரிசோதனை அறையில் துளையிட்ட கருப்பு அட்டை வழியே உங்களைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். துளை வழியே தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடியால் சரிசெய்யத்தக்க குறை. அப்படியும் தெளியவில்லை என்றால், கண்புரையோ விழித்திரை அல்லது பார்வை நரம்பின் பாதிப்போ இருக்கக்கூடும். மேலும் ஆராய வேண்டும்.

பனியன் தொழிலில் இந்த வேறுபாடு பிழைப்பையே தீர்மானிக்கிறது. செக்கிங் மேசையில் துணியின் பழுதைத் தேடுபவருக்கும், ஓவர்லாக் எந்திரத்தில் ஊசிக்கு நூல் கோப்பவருக்கும் நாற்பது வயதைக் கடந்தபின் வெள்ளெழுத்து வருவது இயல்பு. "கண்ணு போச்சுங்க" என்று சொல்லி, குறைந்த கூலிக்கு வேறு வேலைக்கு மாறியவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். அவர்களிற் பலருக்குத் தேவைப்பட்டது ஓர் எளிய கண்ணாடி மட்டுமே. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்தது. வீட்டில் ஒருவர் அட்டைத் துளை வழியே மருந்துச்சீட்டைப் படித்து, "இப்போது தெரிகிறதே" என்று வியந்தால், அடுத்து அவரை அழைத்து வர வேண்டிய இடம் கண் மருத்துவரின் அறை.

மறுபக்கமும் உண்டு. அந்தச் சிறுவனின் தாய் எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். தந்தைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாயிற்று. அணிந்துகொண்டும் எதிரே வைத்த தம்ளரைத் தட்டிவிடுகிறார். கவனமில்லை என்று வீட்டில் தினமும் சத்தம். தந்தையோ தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவருடைய விழித்திரையில் சர்க்கரை நோயின் பாதிப்பு முற்றியிருந்தது. இதைப் பலமுறை வாயால் விளக்கியிருந்தோம். அன்று சிறுவனின் பெட்டியை வாங்கி, அதன் பின்புறத் தாளில் நான்கைந்து கருப்புக் காகிதத் துண்டுகளை ஒட்டி, அந்த அம்மையாரிடம் கொடுத்தோம். எதிரே இருந்தவரின் முகத்தில் பாதியைக் காணவில்லை. துளையைச் சிறிதாக்கினோம், அப்போதும் காணவில்லை. உண்மையில் நோயாளிக்கு அந்த இடம் எப்போதும் கருப்பாகத் தெரிவதில்லை. அங்கே ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் போவதும் உண்டு என்றோம். அவர் துணியை விலக்கிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்படித்தான் அப்பாவுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். அடுத்த முறை வந்தபோது, தம்ளரை இப்போது கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். பெரியவரும், தாம் பார்ப்பது எப்படி இருக்கிறது என்று முதன்முறையாகத் தாமே பேசத் தொடங்கியிருந்தார்.

கண்புரை உள்ளவரின் நிலையை உணர, துளைக்கு முன்னால் கசக்கிய பாலித்தீன் உறைத் துண்டை வைத்துப் பாருங்கள். உருவம் வெளுத்து, பின்னணியோடு கலந்துவிடும். விளக்கைப் பிரகாசமாக்கினால் சரியாகிவிடும் என்று நாம் நினைப்போம். ஆனால் ஒளி நேர் எதிரே இருந்து வந்தால் உருவம் இன்னும் வெளுப்பதைக் காணலாம். அம்மா ஏன் எதிர்வெயிலில் சாலையைக் கடக்கத் தயங்குகிறார் என்பது அப்போது விளங்கும்.

பெட்டி செய்யும் முறையைச் சுருக்கமாகத் தருகிறோம். பனியன் அடுக்கி வரும் அட்டைப்பெட்டியில் ஆழமுள்ள ஒன்றை எடுத்து, உட்புறம் கருப்பு வண்ணம் பூசுங்கள் அல்லது கருப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் விரலளவு துளையிட்டு, அதன்மேல் குளிர்பானத் தகரக் குவளையிலிருந்து வெட்டிய சிறு தகட்டை ஒட்டி, மெல்லிய தையல் ஊசியால் துளையிடுங்கள். பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். எதிர்ப்பக்கத்தைச் சன்னல்போல் வெட்டி, பேட்டர்ன் வரையப் பயன்படும் பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். வெளிச்சம் புகும் மூலைகளை நாடாவால் அடையுங்கள். கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் என்றால் துளை ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். கருப்பு பனியன் துணியால் தலையையும் பெட்டியின் பின்பக்கத்தையும் மூடிக்கொண்டு, வெயில் விழும் இடத்தை நோக்கிப் பிடியுங்கள். தாளில் தெரியும் உருவத்தைக் கைப்பேசியால் படமெடுத்து, ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பலாம். இங்கே கைப்பேசியும் நமக்குத் துணையே.

மூன்று எச்சரிக்கைகள். துளை வழியாகச் சூரியனை நேரே ஒருபோதும் பார்க்காதீர்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி, தாளில் விழும் உருவத்தை மட்டுமே பாருங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை துணியால் முகத்தை மூடிப் பார்க்க வேண்டாம். இருட்டான அறையில் மற்றவர் பெட்டியைப் பிடித்துக் காட்டலாம். ஒளிப்படத் தாளைக் கழுவும் இரசாயனங்களை நோயாளி இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

இரசாயனமே தேவைப்படாத ஒரு வகையும் உண்டு. சிறு தகரக் குவளைக்குள் கருப்பு-வெள்ளை ஒளிப்படத் தாளை வைத்து, ஊசித்துளையிட்டு, வெளியே அசையாமல் கட்டிவிட்டால், சூரியன் ஒவ்வொரு நாளும் சென்ற தடம் தாளில் கோடாகப் பதியும். கழுவாமலே உருவம் தெரியும். எடுத்தவுடன் மங்கிய ஒளியில் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் மாணவி ஒருவர் 2012இல் இப்படி வைத்து மறந்துபோன குவளை 2020இல் கண்டெடுக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளின் சூரியத் தடங்கள், 2,953 வளைகோடுகளாக அதில் இருந்தன.

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்பவர்களை எண்ணும்போது இந்தக் குவளை எங்கள் நினைவுக்கு வருகிறது. வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸுக்கு வருபவருக்கும், மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்பவருக்கும் நாட்கள் ஒன்றுபோலவே கழிகின்றன. வீட்டு மொட்டைமாடியில் கிழக்கு நோக்கி ஒரு குவளையை மார்கழியில் கட்டினால், ஆனி வரை சூரியன் தென்கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு நகர்வது கோடு கோடாகப் பதியும். நம் ஊரில் உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழத் தலைக்குமேல் வருவதால், கிழக்குத் திசையே ஏற்றது. மேகம் மூடிய நாட்களில் கோடு விட்டுப்போகும். நோயின் கடினமான நாட்களும் அந்தத் தாளில் எங்கோ இருக்கும். கட்டியவரும் பார்த்துக்கொண்டவரும் சேர்ந்து அதைத் திறக்கும்போது, அந்த ஆறு மாதங்களையும் இருவரும் சேர்ந்தே கடந்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இது சிகிச்சை அன்று. மருந்தையோ பரிசோதனையையோ இது தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அந்நோய் எந்த அறிகுறியும் காட்டாது. பார்வையை முற்றிலும் இழந்தவர்களுக்கு இந்தப் பெட்டியால் எதையும் காட்ட முடியாது என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. அவர்களுடைய வீடுகளில், அருகில் இருப்பவர் காண்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமாவது இதனால் வளரட்டும்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் ஒரு வெற்றுப் பெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். ஊசி எங்களிடம் இருக்கிறது. முற்றத்து வேப்பமரமும் அங்கேயேதான் நிற்கிறது. சொட்டு மருந்து இடுவதற்கு முன்பு, துணைக்கு வந்தவரோடு சேர்ந்து அதை ஒருமுறை தலைகீழாகப் பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள்.